போர்க்காலக் காசு அடித்த தகட்டு மிச்சம்: சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாய்பேட்டைப் பக்கம் பழைய பித்தளையை எடைக்கு வாங்கும் கடைகளில், கையில் ஒரு காந்தமும் வெர்னியர் காலிப்பரும் வைத்துக்கொண்டு ஓட்டைத் தகடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கும் ஆளைப் பார்த்திருந்தால், அது நானாக இருக்கலாம். முப்பது வருடம் பிரஸ் பட்டறையில் பஞ்சும் (தகட்டை வெட்டும் கருவி, ‘பஞ்ச்’) டையும் கட்டிக் கொடுத்தவன். காசு சேகரிப்பு பின்னால் வந்தது. காசை வெட்டி எடுத்த தகட்டின் மிச்சம் அதற்கும் பின்னால். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தத் தகடுகளைப் பார்த்துவிட்டுக் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

காசு சேகரிப்பது புரிகிறது. காசு அடித்த மிச்சம் என்றால் என்ன?

தீபாவளிக்குத் தட்டை செய்யும்போது மாவைத் தேய்த்து, டப்பா மூடியால் வட்டம் வட்டமாக வெட்டி எடுப்பார்கள் அல்லவா? வட்டங்கள் எண்ணெய்க்குப் போன பிறகு பலகையில் ஒரு ஓட்டை மாவு மிஞ்சும். அதுதான் இது. அக்கசாலையில், அதாவது காசு அச்சடிக்கும் சாலையில், உலோகத்தை உருக்கி வார்த்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, பஞ்சில் வட்ட வில்லைகளாக வெட்டுவார்கள். வில்லைக்கு விளிம்பு உருட்டி, பிறகு அச்சு. வில்லை போன தகட்டை நான் ‘சல்லடை’ என்று சொல்வேன். பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

எவ்வளவு மிஞ்சும் என்பது எளிய கணக்கு. வட்டங்களை நேர்வரிசையில் ஒன்றையொன்று தொடும்படி வெட்டினாலே நூற்றுக்கு 21.5 பங்கு தகடு வீண். பதினாறணா எடையுள்ள தகட்டில் மூன்றரை அணா போய்விட்டது என்று அர்த்தம். தேன்கூடு மாதிரி ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை தள்ளி வெட்டினால் இது ஒன்றரை அணாவாகக் குறையும். நடைமுறையில் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே கொஞ்சம் தகடு விட்டாக வேண்டும், இல்லையென்றால் கிழிந்துவிடும். அதனால் மிச்சம் இன்னும் கூடும்.

வீட்டில் மிஞ்சிய மாவை உருட்டித் திரும்பத் தேய்ப்பது போல, அக்கசாலையிலும் சல்லடை திரும்ப உலைக்கே போகும். வெளியே வருவது அபூர்வம். அதனால்தான் சேகரிக்கத் தோன்றுகிறது.

ஏன் குறிப்பாகப் போர்க்காலம்?

இரண்டாம் உலகப் போரில் செம்பு, நிக்கல், வெள்ளீயம் மூன்றும் ஆயுதத்துக்குத் தேவைப்பட்டன. 1942 தொடக்கத்தில் மலேயா ஜப்பான் கையில் விழுந்ததும் வெள்ளீயம் இன்னும் இறுகியது. அதே நேரத்தில் காசின் தேவையும் ஏறியது. பட்டாளம், தொழிற்சாலை, கூலி என்று எங்கும் சில்லறை வேண்டும். மக்களோ காசைப் பதுக்கினார்கள். தேவைக்கு மேல் காசைச் சேர்த்து வைப்பது குற்றம் என்று 1940-லேயே இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் உத்தரவு வந்தது. அப்படியும் 1942, 43-ல் சில்லறைத் தட்டுப்பாடு. சில இடங்களில் தபால் தலையைச் சில்லறையாகக் கொடுத்தார்கள். சில சமஸ்தானங்கள் காகிதக் கூப்பன் அச்சடித்தன.

ஆக, அந்த ஆறேழு வருடங்களில் உலகம் முழுவதும் அக்கசாலைகள் கைக்குக் கிடைத்த உலோகத்தில் காசு அடித்தன. நம் நாட்டில் அரையணா, ஓரணா, இரண்டணா 1942 முதல் 1945 வரை மஞ்சளாக, நிக்கல் பித்தளையில் வந்தன. ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதத்திலிருந்து பாதியாக இறங்கியது. 1943-ல் ஓட்டைக் காலணா வந்தது. போதாததற்கு லாகூரில் ஒரு புது அக்கசாலை. அங்கே அடித்த காசில் ஆங்கில ‘எல்’ எழுத்து இருக்கும். இவ்வளவு நெருக்கடியிலும் பம்பாய் அக்கசாலை 1942, 43-ல் ஆஸ்திரேலியாவுக்குப் பென்னியும் அரைப் பென்னியும் அடித்துக் கொடுத்தது.

அமெரிக்காவில் 1943-ல் ஒரு சென்ட் முழுக்க இரும்பு. மேலே துத்தநாகப் பூச்சு. மறு வருடமே அதைக் கைவிட்டு, சுட்டு முடித்த தோட்டா உறைகளின் பித்தளையைச் சேர்த்து உருக்கி, 1946 வரை சென்ட் அடித்தார்கள். ஐந்து சென்ட்டில் நிக்கலே இல்லை: செம்பு 56, வெள்ளி 35, மாங்கனீசு 9. நிக்கலைவிட வெள்ளி எளிதாகக் கிடைத்த காலம் அது! கனடா ஐந்து சென்ட்டைப் பன்னிரண்டு மூலையுள்ள பித்தளையாக்கி, 1944-ல் குரோமியம் பூசிய உருக்குக்குப் போனது.

மிச்சம் என்று பார்த்தால் எனக்கு மிகவும் பிடித்தது பெல்ஜியம் கதைதான். அமெரிக்காவில் 1943-ன் இரும்பு வில்லைகள் மிஞ்சிக் கிடந்தன. 1944-ல் பெல்ஜியம் விடுதலை பெற்றதும் அந்த நாட்டுக்காக அதே வில்லைகளில் இரண்டு பிராங்க் காசு 2.5 கோடி அடித்தது பிலடெல்பியா அக்கசாலை. வில்லை மிச்சம் வேறு நாட்டுக்குக் காசாகிவிட்டது. இன்னொரு மிச்சமும் பிரபலம். 1942-ன் வெண்கல வில்லைகள் சில, தள்ளுபெட்டியின் இடுக்கில் மாட்டிக்கொண்டு 1943-ல் அச்சுக்குள் விழுந்தன. அந்த ‘1943 வெண்கல சென்ட்’ இருபது சொச்சம்தான் தெரியவந்திருக்கின்றன. உலகத்தில் மிக அதிக விலைக்குப் போகும் சென்ட்டுகளில் அவையும் உண்டு.

ஓட்டைக் காலணாவின் நடுவில் இருந்த பொட்டு கிடைக்குமா?

இதை யாராவது கேட்காத மாதமே இல்லை. ஒரு பொட்டலத்தில் சின்னச் சின்ன வெண்கலப் பொட்டுகளைப் போட்டு ‘காலணா நடுப்பகுதி’ என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் காசைப் பற்றி. பழைய காலணா 25.4 மில்லிமீட்டர் அகலம், 4.86 கிராம் எடை. 1943-ல் வந்த ஓட்டைக் காலணா 21.3 மில்லிமீட்டர், ஏறக்குறைய இரண்டு கிராம். ஒரு கிலோ வெண்கலத்தில் பழையது 205 வரும் என்றால் புதியது 500 வரும். மிச்சப்படுத்தியது ஓட்டை மட்டும் இல்லை; காசையே சுருக்கியும் விட்டார்கள். ராஜா தலைக்கு இடம் இல்லாததால் ஒரு கிரீடத்தோடு முடித்துக்கொண்டார்கள்.

ஓட்டைக் காசுகளில் பொதுவாக அச்சடிக்கும் முன்பே வில்லையில் துளை போட்டுவிடுவார்கள். அப்படி விழுந்த பொட்டில் எழுத்தோ கோலமோ இருக்காது. வெறும் வெண்கலப் பொட்டு. அதை எந்த வெண்கலத் தகட்டிலும் எந்தப் பட்டறையிலும் நாளைக்கே அடிக்கலாம், நானே அடித்துத் தருவேன். அதனால் என் அபிப்பிராயம் ஒன்றே ஒன்று: பொட்டை வாங்காதீர்கள். காசையே வாங்குங்கள்.

சேலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இங்கே காசு அடித்தார்களா?

போர்க்காலத்தில் சேலத்தில் அக்கசாலை கிடையாது. சென்னை அக்கசாலையே 1869-ல் மூடியாகிவிட்டது. தங்கசாலைத் தெரு என்ற பெயர்தான் மிச்சம். ஆனால் பிற்காலத்துச் சம்பந்தம் ஒன்று உண்டு, அது பலருக்குத் தெரியாது. கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கும் நம் சேலம் உருக்காலை, எவர்சில்வர் தகடு உருட்டுவதோடு நிற்கவில்லை. அங்கே காசு வில்லை வெட்டும் பிரிவும் உண்டு. அந்த வில்லைகள் அரசு அக்கசாலைகளுக்குப் போய் அச்சு வாங்கும். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் எவர்சில்வர் காசு ஏதாவது ஒன்று இங்கே வெட்டப்பட்டதாக இருக்க நல்ல வாய்ப்பு.

இதில் ஒரு குழப்பமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த பதிலில் சொல்கிறேன்.

ஒரு தகடு அசல் போர்க்கால மிச்சமா என்று எப்படிப் பார்ப்பது?

ஓட்டையை அளக்க வேண்டும். தகட்டின் பளபளப்பு, விற்பவர் சொல்லும் கதை, பழுப்பேறிய காகித உறை, எல்லாம் அப்புறம். காசு எங்கோ போய்விட்டது, ஆனால் அதன் அளவு ஓட்டையில் அப்படியே இருக்கிறது. வில்லையின் அகலம் முடிந்த காசின் அகலத்தோடு மில்லிமீட்டரின் சிறு பின்னம்தான் வேறுபடும். பல ஓட்டைகளை, ஒவ்வொன்றையும் இரண்டு திசையில் அளந்து பாருங்கள். அமெரிக்க இரும்பு சென்ட் என்றால் 19 மில்லிமீட்டரை ஒட்டி வர வேண்டும். ஓட்டைக் காலணா 21.3. ரூபாய் 30.5.

அடுத்தது விளிம்பு. பஞ்சில் வெட்டிய ஓட்டைக்கு ஒரு முகம் உண்டு. ஒரு பக்கம் விளிம்பு லேசாக உள்ளே வழிந்து வழவழப்பாக இருக்கும், கொஞ்ச தூரத்துக்குப் பளபளப்பு, அதற்குக் கீழே சொரசொரவென்று கிழிந்த பகுதி, மறுபக்கம் பிசிர். விரல் நுனியைச் சுற்றி ஓட்டினாலே தெரியும். லேசரில் வெட்டியதில் இந்த வழிவும் இருக்காது, பிசிரும் வேறு மாதிரி. விளிம்பில் மெல்லிய கோடுகளும் கருகலும் தெரியும். லேசர் வெட்டு 1943-ல் கிடையாது. அதோடு பேச்சு முடிந்தது.

மூன்றாவது காந்தம். நிக்கல் பித்தளையும் வெண்கலமும் ஒட்டக்கூடாது. அமெரிக்க இரும்பு சென்ட் தகடு ஒட்ட வேண்டும்.

இங்கேதான் நான் ஏமாந்த கதை வருகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் ‘1943 அமெரிக்க இரும்பு சென்ட் சல்லடை’ என்று ஒரு முழ நீளத் தகடு. ஓட்டை 19 மில்லிமீட்டர். காந்தம் ஒட்டியது. வெள்ளை வெளேர் என்று இருந்தது. வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து சாவகாசமாக உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: நம் பழைய எவர்சில்வர் நாலணாவும், 1988-ல் வந்த அந்த 25 பைசா, 19 மில்லிமீட்டர்தான். அந்தக் காசுகளின் எவர்சில்வரில் இரும்பும் குரோமியமும்தான், நிக்கல் கிடையாது. அதனால் காந்தம் ஒட்டும். அந்த ரகத் தகட்டில் எந்தப் பட்டறையில் வாஷர் அடித்த மிச்சமோ!

இரண்டையும் பிரித்துக் காட்டுவது துரு. அமெரிக்காவில் தகட்டுக்குத் துத்தநாகம் பூசிய பிறகுதான் வில்லை வெட்டினார்கள். அதனால் வெட்டுவாயில் பூச்சு இல்லாத இரும்பு அம்மணமாக இருந்தது. அந்தக் காசுகள் ஓரத்தில் துருப்பிடித்ததற்குக் காரணம் அதுதான். சல்லடைக்கும் அதே விதி. தகட்டின் முகம் சாம்பல் நிறம், ஓட்டையின் உள்விளிம்பு பழுப்புத் துரு என்று இருந்தால் பேசலாம். எண்பது வருடத் தகடு என்கிறார்கள், உள்விளிம்பு கண்ணாடி மாதிரி மின்னுகிறது என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகருங்கள். நான் அன்று நகரவில்லை. அந்தத் தகடு இப்போது மாடித் தோட்டத்தில் பாகற்கொடிக்குப் பந்தலாக இருக்கிறது, இன்னும் துருப்பிடிக்கவில்லை.

கடைசிச் சோதனைக்குச் சேலத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். கொலுசுத் தொழில் நடக்கும் ஊர் என்பதால் வெள்ளிக்கு டச், அதாவது தரம், மிஷினில் பார்க்கும் கடைகள் உண்டு. அந்த மிஷினில் வைத்தால் உலோகத்தைச் சுரண்டாமலே செம்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு, நிக்கல் இருக்கிறதா என்று நிமிடத்தில் சொல்லிவிடும். பித்தளைத் தகட்டைக் கொண்டுபோனால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பரவாயில்லை.

இவ்வளவும் பொருந்தினாலும் ‘பொருந்துகிறது’ என்றுதான் சொல்லலாம். அக்கசாலையிலிருந்து யார் கை மாறி வந்தது என்ற எழுத்துச் சான்று இல்லாமல் ‘இது அசல்’ என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

காயலான் கடையில் தேடினால் கிடைக்குமா?

சல்லடை எனக்கு ஒரு முறைகூடக் கிடைத்ததில்லை. ஆனால் வேறொன்று கிடைக்கும். ஓட்டைக் காலணாவை அந்தக் காலத்தில் வாஷராகப் போட்டவர்கள் நிறைய. வாஷர் வாங்கும் காசைவிட வாஷராகிற காசு மலிவு! பழைய பம்ப், மாட்டு வண்டிச் சாமான், மரப்பெட்டிக் கீல் என்று எதையாவது பிரித்துப் போட்ட குவியலில் போல்ட்டோடு சேர்ந்து ஒட்டிக்கிடக்கும். குழந்தைகளின் அரைஞாணில் கோத்துத் தேய்ந்ததும் வரும். தேய்ந்து போயிருந்தாலும் நான் விடமாட்டேன்.

கடைக்காரரிடம் மட்டும் ‘பழங்காசு’ என்று வாய் திறக்காதீர்கள். எடை விலை அந்த நொடியே மறைந்துவிடும்.

எங்கள் பாட்டி 1943 வெள்ளி ரூபாய் வைத்திருக்கிறார். கொலுசுக்கு உருக்கலாமா?

வேண்டாம். பழைய ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் வெள்ளி 10.7 கிராம் வரை. போர்க்கால ரூபாயும் அதே எடைதான், ஆனால் வெள்ளி பாதி, 5.83 கிராம். மீதி செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 சதவீதம். பட்டறையில் பாதி வெள்ளிக்குத்தான் கணக்குப் பார்ப்பார்கள், அந்தக் கலப்பைப் பிரிக்கிற செலவு வேறு. காசாக வைத்திருந்தால் சேகரிப்பவர்கள் அதைவிடக் கூடுதலாகத் தருவார்கள்.

சுத்தமான வெள்ளி ரூபாய்கள் என்ன ஆயின என்றும் கேட்பார்கள். விக்டோரியா ரூபாயை 1941-லும், எட்வர்டு ரூபாயை 1942-லும், ஐந்தாம், ஆறாம் ஜார்ஜின் உயர்ந்த வெள்ளி ரூபாய்களை 1943-லும் செல்லாது என்று அறிவித்துத் திரும்ப வாங்கினார்கள். திரும்பாதது பெட்டியிலும் கொலுசிலும் போயிற்று.

இதையெல்லாம் வைத்திருப்பது சட்டப்படி சரியா?

வெறும் ஓட்டைத் தகடு காசு அல்ல. நேர்மையாக வாங்கி, ரசீது வைத்திருந்தால் பயமில்லை. நூறு வருடத்தைத் தாண்டிய பொருளுக்குத்தான் தொல்பொருள் சட்டம் வரும். போர்க்காலப் பொருள் இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை.

மூன்று இடத்தில் கவனம் வேண்டும். அச்சு, அதாவது காசின் முகத்தைப் பதிக்கும் டை, யாராவது விற்க வந்தால் தொடாதீர்கள். அக்கசாலையிலிருந்து காசடிக்கும் கருவியை அனுமதியில்லாமல் எடுத்து வருவதே குற்றம். இரண்டாவது, இப்போது புழங்கும் காசை உருக்குவதோ உருக்குலைப்பதோ 2011 நாணயச் சட்டப்படி குற்றம், ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. அச்சில்லாத வில்லையில் எதையாவது பதித்துக் காசு மாதிரி ஆக்குவதும் வேண்டாத வேலை. மூன்றாவது, அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணில் காசோ உலோகமோ புதைந்து கிடைத்து, அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றால், 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அன்று எழுதிய வரம்பு. இன்னும் மாற்றவில்லை.

பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

குத்துவிளக்குக்குச் செய்யுங்கள், இதற்குச் செய்யாதீர்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், விளக்கு தேய்க்கும் பொடி எல்லாமே மேல்தோலைத் தின்றுவிடும். வெட்டுவாயின் பிசிரும் பளபளப்பும் மழுங்கினால் நான் மேலே சொன்ன சோதனை எதுவும் செல்லாது. மண் இருந்தால் வெறும் தண்ணீரில் ஊற வைத்து, மெத்தென்ற துணியில் ஒற்றி எடுத்து, நன்றாகக் காய வையுங்கள். இரும்புத் தகட்டைத் தண்ணீரிலும் போடாதீர்கள்.

ஏற்காட்டில் இருக்கிறேன். அங்கே வைப்பதில் சிக்கல் உண்டா?

உண்டு. ஏற்காட்டில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். கீழே சேலத்தில் பத்து வருடம் சும்மா கிடந்த இரும்புத் தகடு, சேர்வராயன் மலை மேலே ஒரு மழைக்காலத்தில் துரு பூத்துவிடும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், மாதம் ஒரு முறை அதை வெயிலில் காய வைப்பது. மெத்து பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். நாளானால் அது கசிந்து பச்சைப் பிசின் படியும்.

விலை எப்படி?

சொல்ல ஒரு சந்தை விலையே கிடையாது. உலோகத்தின் எடை விலை என்ன என்று முதலில் கணக்குப் போடுங்கள். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் கதைக்குக் கொடுக்கும் விலை. கதைக்குக் காகிதச் சான்று இருந்தால் கொடுங்கள்.

எங்கிருந்து தொடங்கலாம்?

காசிலிருந்து. ஓட்டைக் காலணா ஒன்று, மஞ்சள் இரண்டணா ஒன்று, மஞ்சள் ஓரணா ஒன்று, அமெரிக்க இரும்பு சென்ட் ஒன்று. நான்குமே கோடிக்கணக்கில் அடித்தவை, தேய்ந்த நிலையில் மலிவாகவே கிடைக்கும். அவற்றைக் கையில் வைத்து அளந்து, எடை போட்டு, நோட்டில் எழுதிப் பழகுங்கள். நல்ல காலிப்பர் ஒன்று, கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசு ஒன்று, காந்தம் ஒன்று போதும். ஆறு மாதம் இப்படிப் பழகிய கைக்குத் தப்பான தகடு பிடிபட்டுவிடும்.

உங்களிடம் இருப்பதில் எத்தனை அசல்?

இருபத்து மூன்று தகடு வைத்திருக்கிறேன். அதில் ஒன்றைப் பற்றித்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் தகடு, உள்ளங்கை அளவு, அதில் மூலை மழுங்கிய இரண்டு சதுர ஓட்டை. 1943 இரண்டணாவை வைத்தால் மயிரிழை இடைவெளியோடு உட்காருகிறது. காந்தம் ஒட்டவில்லை. டச் மிஷின் செம்பு, துத்தநாகம், துளி நிக்கல் என்கிறது. விளிம்பில் பஞ்சின் பிசிர் அப்படியே இருக்கிறது. கொடுத்தவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பெட்டியில் அதன் சீட்டில் நான் எழுதியிருப்பது: ‘பித்தளைத் தகடு. சதுர ஓட்டை இரண்டு. மூலம் தெரியாது.’